அரைச் சுற்று

துப்பாக்கியின் மேல் தப்பு இல்லை என்று ஆயுத அறைக்காரர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதனால் தப்பு ஒரு பெண்ணின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

அவள் தப்புச் செய்தவள்தானா என்று நாலு மணிக்கு மூன்று பேர் மாடியில் கூடி முடிவு செய்வார்கள். ஆமாம் என்றால் அணியில் அவளுக்குக் கிடைத்த இடம் போய்விடும். அதன் பிறகு எந்தச் சுடுதளத்திலும் அவளை உள்ளே விடமாட்டார்கள். இப்போது மணி இரண்டு.

சர்வேயர் சுடுதளத்தின் வாசலில் நின்று செருப்பிலிருந்த மண்ணைத் தட்டினார். இருபத்திரண்டு வருடம் காப்பீட்டுக் கம்பெனிக்காக எரிந்த கிடங்குகளையும் நசுங்கிய லாரிகளையும் பார்த்து அறிக்கை எழுதியவர். துப்பறிய வந்த பிறகும் அந்தப் பெயர் அவரை விடவில்லை. அவருடைய உதவியாளரின் பெயர் தந்தி. பேச்சு சுருக்கமாக வரும், வேகமாக வரும், பெரும்பாலும் கெட்ட செய்தியாக இருக்கும். அதனால் அந்தப் பெயர்.

"சார், இவங்க வீட்டுல ரெண்டு பொண்ணு, ஒரு துப்பாக்கி" என்றாள் தந்தி. "எங்க வீட்டுல மூணு பொண்ணு, ஒரு சீப்பு. நல்லவேளை, சீப்புல தோட்டா போட முடியாது."

"உள்ள வந்து இதச் சொல்லிடாத."

"சொல்லமாட்டேன். முகத்துல வெச்சுக்கறேன்."

உள்ளே நீள பெஞ்சில் அக்கா உட்கார்ந்திருந்தாள். புகார் கொடுத்தவள் அவள்தான், சர்வேயரை அழைத்தவளும் அவள்தான். முப்பத்தெட்டு வயது, மருந்துக்கடையில் மருந்து எடுத்துக் கொடுக்கும் வேலை. மடியில் கைப்பை. அதை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், பையில் ஏதோ தூங்குகிற மாதிரி.

"அறிக்கை தயாரா சார்?"

"இன்னொரு தடவை சொல்லுங்க. கடைசியா ஒரு தடவை."

அவள் பெருமூச்சு விட்டாள். பிறகு மருந்துச் சீட்டைப் படிக்கிற குரலில் சொன்னாள். நாலு நாளுக்கு முன் தேர்வுப் போட்டி. காலையில் முதலில் சுடும் வரிசையில் அவள். நிதானமாகச் சுட வேண்டிய முப்பது குண்டு, ஒன்றும் பிசகவில்லை. எல்லாரையும்விட நாலு புள்ளி முன்னே இருந்தாள். இருபது நிமிஷம் இடைவேளை. அதன் பிறகு வேகச் சுடுதல், இன்னொரு முப்பது. குறி மூன்று விநாடி முகம் காட்டிவிட்டுத் திரும்பிக்கொள்ளும், அதற்குள் சுட்டுவிட வேண்டும். அங்கேதான் துப்பாக்கி நின்றது. விசையை இழுத்தால் வெறும் 'டிக்'.

"கோளாறுன்னு கைய தூக்குனா ஒரு தடவை திரும்பச் சுட விடுவாங்க. விட்டாங்க. அப்புறமும் மூணு தடவை நின்னுச்சு. மூணும் பூஜ்யம்."

"அடுத்த வரிசையில உங்க தங்கச்சி."

"அதே துப்பாக்கி. ஒரு மணி நேரம் கழிச்சு. அறுபது குண்டு. ஒண்ணுகூட நிக்கல." அவள் உதட்டைக் கடித்தாள். "என் கையில நாலு தடவை நின்ன துப்பாக்கி அவ கையில வெண்ணெய் மாதிரி ஓடுது. சின்னக் குழந்தைக்கும் புரியும்."

"என்ன புரியும்?"

"இடைவேளையில என் தோட்டாவ மாத்திட்டா. டப்பாவ மேசைக்குக் கீழ விட்டுட்டு முகம் கழுவப் போனேன்."

"துப்பாக்கி?"

"அதக் காலி பண்ணி மேசைமேல வெச்சிருந்தேன். நடுவர் பக்கத்துலயே நின்னாரு. அத என்னைத் தவிர ஒரு ஈகூட தொடல. நீங்க நடுவரயே கேக்கலாம்."

சர்வேயர் அதை நோட்டில் எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்தார்.

"போட்டிக்கு முந்தின நாளும் வந்திருக்கா" என்றாள் அக்கா. "ஆயுத அறை நோட்டுல அவ கையெழுத்து இருக்கு. சாயங்காலம் நாலு மணி, பத்து நிமிஷம். பெட்டிய வாங்கித் திறந்திருக்கா. எதுக்குன்னு கேளுங்க."

"நீங்க கேட்டீங்களா?"

"நாங்க பேசறதில்ல."

அது தந்திக்கு முன்னமே தெரியும். நேற்று அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தாள். அக்காவும் தங்கையும் ஒரே மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். "அம்மா, சோப்பு தீந்துடுச்சுன்னு அவகிட்டச் சொல்லு" என்றாள் ஒருத்தி. "வாங்கி வெச்சாச்சுன்னு சொல்லும்மா" என்றாள் இன்னொருத்தி. நடுவில் அம்மா தபால்காரர் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு வருடமாக இப்படி. காரணம் ஒரே ஒரு வாக்கியம். தங்கைக்குக் கண்ணாடிக் கடையில் பார்வை சோதிக்கும் வேலை. ஒரு போட்டியில் முதல் தடவையாக அக்காவை ஒரு புள்ளியில் ஜெயித்தவள், எல்லார் முன்னிலையிலும் சொன்னாள்: "அக்கா, உனக்குக் கண்ணாடி மாத்தணும்."

மாற்ற வேண்டியதாகத்தான் இருந்தது. அக்கா இன்றுவரை மாற்றவில்லை.

*

ஆயுத அறைக்காரரை எல்லாரும் ஸ்பிரிங் அண்ணன் என்பார்கள். எந்தத் துப்பாக்கியைக் கொண்டுபோனாலும் முதலில் ஸ்பிரிங்கைத்தான் குறை சொல்வார். இந்தத் தடவை அதைச் சொல்ல முடியாத வருத்தம் முகத்தில் தெரிந்தது.

"வரிசையாப் பாத்தேன் சார். மொதல்ல தோட்டா. அக்காவோட டப்பாவுல மிச்சம் இருந்தத சுட்டுப் பாத்தேன். நல்ல தோட்டா, சத்தம் ஒரே மாதிரி. மருந்து கம்மின்னா சத்தம் சோந்து வரும்."

"சரி, தோட்டா இல்ல."

"அப்புறம் அழுக்கு. தோட்டாமேல பூசின மெழுகு குழாய்க்குள்ள படிஞ்சா தோட்டா உள்ள போகாது. சுத்தமா இருக்கு. அக்கா தங்கச்சி ரெண்டு பேரும் போட்டி போட்டுத் தொடைக்கறாங்க. அப்புறம் ஸ்பிரிங்." அவர் குரல் இறங்கியது. "ஸ்பிரிங் நல்லா இருக்கு."

"வருத்தப்படாதீங்கண்ணே" என்றாள் தந்தி. "அடுத்த துப்பாக்கியில கெட்டுப் போயிருக்கும்."

"மேகசின்?" என்றார் சர்வேயர்.

ஸ்பிரிங் அண்ணன் இரண்டு மேகசின்களைத் துணிமேல் வைத்தார். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் நீளமான தகரக் கூடுகள், ஐந்து தோட்டா பிடிக்கும். கைப்பிடிக்கு அடியிலிருந்து துப்பாக்கிக்குள் ஏறுபவை. "வாய் வளையல, உள்ள இருக்கற" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

"ஸ்பிரிங்" என்றாள் தந்தி.

"அதுவும் நல்லா இருக்கு."

சர்வேயர் மேகசின்களை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். ஒவ்வொன்றின் இடது பக்கத்திலும் மெல்லிய கீறல். புதிது, உள்ளே உலோகம் பளபளத்தது. இரண்டையும் ஒட்டிப் பிடித்தால் இரண்டு கீறலும் ஒரே கோடாக நின்றன.

"இது என்னண்ணே?"

"பாத்தேன். புழக்கத்துல விழற கீறல்னு விட்டுட்டேன்."

"ரெண்டு பேருக்கு ஒரே இடத்துல கீறல் இருந்தா, ரெண்டு பேரும் ஒரே ஆணியத் தாண்டிப் போயிருக்காங்கன்னு அர்த்தம்." அவர் துப்பாக்கியை வாங்கி மேகசின் ஏறும் குழிக்குள் எட்டிப் பார்த்தார். வழவழவென்று இருந்தது. ஆணியும் இல்லை, முள்ளும் இல்லை.

தந்தி அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தாள். "ஆணி வீட்டுக்குப் போயிடுச்சு சார்."

விளையாட்டாகத்தான் சொன்னாள். சர்வேயர் திரும்பி அவளை ஐந்து விநாடி பார்த்தார்.

"அண்ணே, நீங்க சோதனை பண்ணப்ப எந்தக் கைப்பிடி இருந்துச்சு?"

"தங்கச்சியோடது. ரெண்டாவது வரிசையில அது சுட்டுட்டு அப்படியே கொண்டாந்து வெச்சுது."

"அக்காவோடது?"

"அது கோவத்துல கழட்டி எடுத்துட்டுப் போயிடுச்சு சார், ஸ்க்ரூவோட. பின்ன? அவங்கவங்க கைக்குச் செதுக்குன மரம் அது. துப்பாக்கி வாங்க வர்றவங்க குழாயப் பாப்பாங்க, பேரப் பாப்பாங்க, விசை எவ்வளவு லேசுன்னு பாப்பாங்க. நான் சொல்லுவேன், கைப்பிடிய மொதல்ல பாருங்க, குண்டு போறது குழாய் வழியா, ஆனா குறி பிசகறது கையில. யாரு கேக்கறா." சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்தினார். கண் மெதுவாக விரிந்தது. "சார், நான் துப்பாக்கியத்தான் சோதிச்சேன். அந்தம்மா சுட்ட துப்பாக்கிய சோதிக்கல."

"அதத்தான் நானும் நெனச்சேன்."

சர்வேயர் வெளியே போய்ப் பெஞ்சின் முன் நின்றார். "பையில என்ன இருக்கு?"

அக்கா கைப்பையை இன்னும் இறுக்கினாள். "என் கைப்பிடி. அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

*

சுடுகிற இடத்தில் பத்து மேசைகள் வரிசையாக இருந்தன. போட்டிக்குப் பிறகு தளத்தைப் பூட்டிவிட்டார்கள். குழு முடிவு சொல்லும் வரை யாரும் உள்ளே வரக்கூடாது என்று உத்தரவு, கூட்டிப் பெருக்கக்கூட ஆள் வரவில்லை. சர்வேயர் குழுவின் செயலாளரிடம் எழுதி வாங்கியிருந்த அனுமதிச் சீட்டைக் கதவிலேயே ஒட்டினார்.

தந்தி ஏழாம் நம்பர் மேசையில் தேநீர்க் கோப்பையை வைத்தாள். மேசை ஆடி, பாதித் தேநீர் அவள் முழங்கையில் கொட்டியது.

"எல்லாமே ஆடும்" என்றார் ஸ்பிரிங் அண்ணன். "தரை சமமில்ல."

"சொல்லிட்டு ஆடக்கூடாதா."

போட்டியன்று அக்கா சுட்ட ஆறாம் நம்பர் மேசையில் அவள் கைப்பிடியைத் துப்பாக்கியில் மாட்டினார் ஸ்பிரிங் அண்ணன். பக்கவாட்டில் ஒரே ஒரு ஸ்க்ரூ. அதன் தலைக்கு அடியில் சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பர் வளையம். அவர் முகம் சுளித்தார்.

"இது பழைய ஸ்க்ரூ இல்லியே. கொஞ்சம் நீளமா இருக்கு."

அக்கா நிமிர்ந்தாள்.

"முடுக்குங்க" என்றார் சர்வேயர். "மெதுவா. தந்தி, எண்ணு."

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு. ஆறு. நிறுத்துங்கண்ணே."

தந்தி குனிந்தாள். ஸ்க்ரூவின் தலையில் நகப்பூச்சால் இழுத்த மெல்லிய கோடு ஒன்று, கத்தரிப்பூ நிறம். மரத்திலும் அதே நிறத்தில் ஒரு கோடு. ஆறாவது சுற்றில் இரண்டும் சேர்ந்து ஒரே கோடாக நின்றன.

"யாரோ இங்க வரைக்கும்தான்னு எல்லை போட்டிருக்காங்க சார்."

"இப்பச் சுடுங்கம்மா" என்றார் சர்வேயர்.

அக்கா காதடைப்பை மாட்டிக்கொண்டு நின்றாள். அதுவரை பையைக் கட்டிப்பிடித்திருந்த கை அது என்று நம்ப முடியவில்லை. மணிக்கட்டு அசையவில்லை. ஐந்து. மேகசினை மாற்றினாள். இன்னும் ஐந்து. முப்பது குண்டும் போனது. ஒன்றும் நிற்கவில்லை.

காதடைப்பைக் கழற்றினாள். "பாத்தீங்களா. இந்தக் கைப்பிடியிலயும் நல்லாத்தான் ஓடுது. அப்ப தோட்டாவத்தான் மாத்தியிருக்கா."

"அண்ணே" என்றார் சர்வேயர். "இன்னும் அரைச் சுத்து."

ஸ்பிரிங் அண்ணன் முடுக்கினார். ரப்பர் நசுங்கி ஸ்க்ரூ உள்ளே இறங்கியது. கத்தரிப்பூக் கோடுகள் இரண்டும் பிரிந்து ஒன்றுக்கொன்று முதுகைக் காட்டின. அக்கா மேகசினை ஏற்றினாள். ஏறும்போதே லேசான கரகரப்பு. ஒரு குண்டு வெடித்தது. அடுத்தது, டிக்.

சர்வேயர் துப்பாக்கியைக் காலி செய்யச் சொல்லி, மேகசின் குழிக்குள் டார்ச் அடித்தார். வழவழப்பாக இருந்த சுவரில் ஸ்க்ரூவின் முனை அரிசி நுனி அளவுக்கு எட்டிப் பார்த்தது. அது மேகசினைப் பக்கவாட்டில் கிள்ளிப் பிடிக்கும். பிடித்தால் தோட்டா மேலே ஏறத் தாமதமாகும். வேகமாகச் சுட்டால் வெறும் குழாய்தான் சுடும்.

"நாலு நாளா நான் தேடின ஆணி" என்றார் ஸ்பிரிங் அண்ணன், தனக்குத்தானே.

"என் ஸ்க்ரூ இல்ல இது" என்றாள் அக்கா. அவள் குரலில் இப்போது பலம் வந்திருந்தது. "என் ஸ்க்ரூவ எடுத்துட்டு நீளமானத மாட்டியிருக்கா. முந்தின நாள், அந்தப் பத்து நிமிஷத்துல."

"அவங்கதான்னு எப்படிச் சொல்றீங்க?"

அக்கா பதில் சொல்லுமுன் தந்தி சொன்னாள், மனமில்லாமல். "நேத்து வீட்டுல பாத்தேன் சார். தங்கச்சிக்கு இடது கையில மட்டும் நகப்பூச்சு. வலது கை துப்பாக்கி பிடிக்கறதாம், அதுல போடறதில்லயாம். இதே நிறம்."

அக்கா சிரித்தாள். நாலு நாளில் அவள் சிரித்து அவர்கள் பார்த்தது அதுதான் முதல் தடவை. "எழுதுங்க சார். ஸ்க்ரூவ மாத்தினது யாருன்னு மட்டும் எழுதுங்க. போதும்."

"எழுதறேன். ஆனா ஆறு சுத்துல துப்பாக்கி ஓடுது. அன்னைக்கும் முதல் முப்பது குண்டு ஓடியிருக்கு. நடுவுல யாரோ அத ஆறரை ஆக்கியிருக்காங்க." அவர் நோட்டைப் புரட்டி, அடிக்கோடிட்ட வரியைப் படித்தார். "'என்னைத் தவிர ஒரு ஈகூட தொடல.' நீங்க சொன்னது."

சிரிப்பு அவள் முகத்தில் இருந்தபடியே செத்தது.

"லேசா ஆடுன மாதிரி இருந்துச்சு" என்றாள். "ஆடல. எனக்கு ஆடுன மாதிரி இருந்துச்சு. நாலு புள்ளி முன்னால இருக்கேன், கை நடுங்குது. ஒரு முடுக்கு முடுக்கினேன். எப்பவும் பண்றதுதான்."

"இவங்க கைக்கு எந்த இறுக்கமும் பத்தாது சார்" என்றார் ஸ்பிரிங் அண்ணன். "எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். பழைய ஸ்க்ரூ மரையும் அப்படித்தான் தேஞ்சிருக்கும். அந்தப் பொண்ணு அதப் பாத்துட்டுத்தான் ஆழமாப் பிடிக்கட்டும்னு நீளமானதப் போட்டிருக்கு. நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன்."

"இருக்கட்டும்" என்றாள் அக்கா. நிமிர்ந்துவிட்டாள் மறுபடியும். "நல்லதுக்கே மாட்டினான்னு வெச்சுக்கோங்க. சொல்லணுமா இல்லையா? நான் முடுக்குவேன்னு அவளுக்குத் தெரியும். தெரிஞ்சும் சொல்லாம மாட்டி வெச்சா அதுக்குப் பேரு என்ன சார்? பொறின்னுதானே சொல்லுவாங்க."

சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்தார். நியாயமான கேள்வி. மணி மூன்றரை. ஒரு சொல்லில் தங்கையின் தலையெழுத்து இருந்தது. சொன்னாளா, சொல்லவில்லையா. சொன்னேன் என்று அவள் சொன்னால் யார் நம்புவார்கள்? இரண்டு வருடமாகப் பேசாதவர்கள்.

தந்தி முழங்கையைத் துடைத்துக்கொண்டு ஆறாம் நம்பர் மேசையில் சாய்ந்தாள். சாய்ந்தவள் அப்படியே நின்றாள். நிமிர்ந்து, இரண்டு கையையும் ஊன்றி மேசையை ஆட்டிப் பார்த்தாள். ஏழாவதற்குப் போய் ஆட்டினாள், அது ஆடியது. ஐந்தாவது ஆடியது. எட்டாவது ஆடியது. திரும்பி வந்தாள்.

"அண்ணே, எல்லாம் ஆடும்னீங்களே. இது ஏன் ஆடல?"

"அது ஆடுமே" என்றார் ஸ்பிரிங் அண்ணன். "அதுதான் ரொம்ப ஆடும்."

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அதை சர்வேயர் கவனித்தார்.

தந்தி மண்டியிட்டாள். மேசையின் பின்கால் ஒன்றுக்கு அடியில் ஒரு காகிதம், எட்டாக மடித்தது. உருவி எடுத்தாள். வெளி மடிப்பில் 'அக்காவுக்கு' என்று இருந்தது. உள்ளே பிரித்தாள். சத்தமாகப் படிக்கவில்லை, சர்வேயரிடம் நீட்டினாள். அவர் படித்துவிட்டு அக்காவிடம் நீட்டினார்.

அவள் வாங்கவில்லை. "என்னன்னு சொல்லுங்க."

"நீங்களே படிங்க. உங்களுக்கு எழுதினது."

கண்ணாடி மாற்றாத கண்ணுக்குக் காகிதத்தைத் தூரப் பிடிக்க வேண்டியிருந்தது. கையை முழுக்க நீட்டி, அக்கா படித்தாள்.

'அக்கா, உன் ஸ்க்ரூ மரை தேஞ்சு போச்சு, நடுவுல கழண்டுடும். கொஞ்சம் நீளமானது போட்டிருக்கேன். ஆறு சுத்து, கோடு வரைக்கும்தான். அதுக்கு மேல முடுக்கினா மேகசினப் பிடிச்சுக்கும். ஆடுற மாதிரி இருக்கும், ஆடாது. நம்பு. நல்லா சுடு.'

"எங்க இருந்துச்சு இது?" என்றார் சர்வேயர்.

"பெட்டி மூடியில சொருகியிருந்தா." அவள் குரல் தாழ்ந்திருந்தது. "அவ எழுத்துன்னு வெளியிலயே தெரிஞ்சுது. மறுபடி கண்ணாடின்னு ஏதாவது எழுதியிருப்பா. போட்டிக்கு முன்னால அதப் படிக்க வேணாம்னு நெனச்சேன். மேசை ஆடிச்சு."

"ஊருல இருக்கற அத்தனை டாக்டர் கிறுக்கலையும் படிக்கறவங்க நீங்க" என்றாள் தந்தி. சொன்ன பிறகுதான் அது வேடிக்கையாக இல்லை என்று அவளுக்கே தெரிந்தது.

"அறிக்கையில மூணு விஷயம் இருக்கும்" என்றார் சர்வேயர். "ஸ்க்ரூவ மாத்தினது உங்க தங்கச்சி. முடுக்கினது நீங்க. சீட்டு வந்தது, நீங்க படிக்கல."

"உங்களக் கூப்பிட்டது நான்."

"என்ன நடந்துச்சுன்னு கண்டுபிடிக்கக் கூப்பிட்டீங்க. யாரு பண்ணாங்கன்னு நீங்களே முடிவு பண்ணி வெச்சிருந்தீங்க, அதுக்கு நான் தேவையில்ல."

அவள் சீட்டை அதே மடிப்புகளில் மடித்தாள். ஒரு கணம் அவள் கண் மேசைக் காலுக்குப் போனது. பிறகு கைப்பைக்குள் வைத்தாள்.

"நானே சொல்றேன்" என்றாள்.

*

மாடி அறையில் மூன்று பேர், ஒரு நீள மேசை, ஒரு மின்விசிறி. தங்கை தனி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது வயது இருக்கும். இடது கை நகங்களில் பாதிப் பூச்சு உதிர்ந்திருந்தது. சுரண்டிச் சுரண்டி உதிர்த்தது.

செயலாளர் தொண்டையைச் செருமினார். "புகார்தாரர் ஏதாவது சொல்லணுமா?"

அக்கா எழுந்தாள். "புகாரை வாபஸ் வாங்கிக்கறேன். துப்பாக்கியில கோளாறு. யாரு மேலயும் தப்பில்ல."

உட்கார்ந்துவிட்டாள். சர்வேயர் நாற்காலியில் முன்னால் நகர்ந்தார். தந்தி அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். 'கொஞ்சம் பொறுங்க' என்று அந்தப் பிடி சொன்னது.

"என்ன கோளாறு?" என்றார் செயலாளர். "நாலு நாளா எல்லாரையும் அலைய வெச்சிருக்கீங்க. காரணம் எழுதணும்."

"ஸ்க்ரூ."

"ஸ்க்ரூவுக்கு என்ன?"

"நீளமான ஸ்க்ரூ. அத நான்தான் மாட்டினேன்" என்றாள் தங்கை. யாரும் அவளைக் கேட்கவில்லை. "எவ்வளவு முடுக்கணும்னு சீட்டு எழுதி வெச்சேன். இத முதல் நாளே உங்ககிட்டச் சொன்னேன். அப்படி எந்தச் சீட்டும் பெட்டியில இல்லன்னு சொல்லி, அத யாருகிட்டயும் சொல்லாமயே விட்டுட்டீங்க."

செயலாளர் அக்காவைப் பார்த்தார். "சீட்டு இருந்துச்சா?"

மின்விசிறி மூன்று முறை சுற்றியது, நாலு முறை சுற்றியது. அவள் இல்லை என்று சொன்னால், அதை மறுக்க சர்வேயர் எழுந்திருப்பார். அது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் சர்வேயரைப் பார்க்கவில்லை. தங்கையின் நகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருந்துச்சு."

"படிச்சீங்களா?"

"இன்னைக்கு. அரை மணி நேரத்துக்கு முன்னாடி." கைப்பையைத் திறந்து சீட்டை மேசையில் வைத்தாள். "அதுவரைக்கும் மேசைக் காலுக்கு அண்டக் கொடுத்திருந்தேன். முடுக்கினது நான்தான். அவ பண்ணது எல்லாம் சரி."

மூன்று பேரும் சீட்டைக் கைமாற்றிப் படித்தார்கள். செயலாளர் ஏதோ எழுதினார். தங்கையின் இடம் தங்கைக்கே. அடுத்த வாரம் அணி புறப்படும். படிக்காமல் புகார் கொடுத்ததற்காக அக்கா ஒரு வருடம் போட்டியில் கலந்துகொள்ளக் கூடாது. அதைச் சொல்லும்போது அவர் தலையைத் தூக்கவில்லை.

முப்பத்தெட்டு வயதில் ஒரு வருடம் என்றால் என்ன என்று அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும்.

*

தாழ்வாரத்தில் ஸ்பிரிங் அண்ணன் துப்பாக்கிப் பெட்டியோடு நின்றார். அக்காவின் கைப்பிடி இன்னும் அதில்தான் இருந்தது. தங்கை வெளியே வந்தாள். அக்கா பின்னாலேயே வந்தாள்.

"இங்க பாரு" என்றாள் அக்கா. இரண்டு வருடத்தில் நேராகச் சொன்ன முதல் வார்த்தை. "வாயால ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல."

தங்கை அவளைப் பார்க்கவில்லை. தந்தியின் பக்கம் திரும்பினாள்.

"அவங்ககிட்டச் சொல்லுங்க. நாலு நாளா அம்மாவே என் தட்டுல சோறு போடும்போது என் முகத்தப் பாக்கல. 'பண்ணியிருப்பாளோ'ன்னு ஒரு பார்வை. கடையில பார்வை சோதிக்க வர்றவங்ககூட என் கையத்தான் பாக்கறாங்க. அத ஒரு சீட்டுல எழுதி யாராலயும் வாபஸ் வாங்க முடியாதுன்னு சொல்லுங்க."

தந்தி அக்காவைப் பார்த்தாள். அக்கா இரண்டடி தள்ளி நின்றாள். சொல்ல வேண்டிய அவசியம் இல்லை.

"அப்புறம், துப்பாக்கி எனக்கு வேணும். நாளையிலேருந்து பயிற்சி. அவங்க கைப்பிடிய எடுத்துக்கச் சொல்லுங்க."

அக்கா பெட்டியருகே மண்டியிட்டாள். ஸ்பிரிங் அண்ணன் திருப்புளியை நீட்டினார். அவளே கழற்றினாள், மெதுவாக. ஸ்க்ரூ வெளியே வந்ததும் ரப்பர் வளையத்தோடு தங்கையிடம் நீட்டினாள். அந்தக் கை கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு ஸ்பிரிங் அண்ணன் அதை வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

தங்கை பெட்டியை மூடி எடுத்துக்கொண்டு இடது பக்கப் படியில் இறங்கினாள். அக்கா வலது பக்கம். கைப்பிடியைப் பையில் வைக்க மறந்து கையிலேயே பிடித்துக்கொண்டு போனாள். அவள் விரல் ஒவ்வொன்றுக்கும் அந்த மரத்தில் இடம் செதுக்கியிருந்தது. கனகச்சிதமாகப் பொருந்தியது. அதற்கு மேலே எதுவும் இல்லை.

சர்வேயர் நோட்டை எடுத்தார். அறிக்கைக்கு ஒரு கடைசி வரி பாக்கி இருந்தது.

"தந்தி, கழட்டறப்ப எண்ணினியா?"

அவள் வலது பக்கப் படியைப் பார்த்தாள். இந்தத் தடவை குரலில் விளையாட்டு இல்லை.

"ஆறரை சார்" என்றாள். "முதல் அரைச் சுத்துலயே கோடு ரெண்டும் ஒட்டிக்கிச்சு. அங்க ஒரு நிமிஷம் கைய நிறுத்திட்டாங்க."

"அப்புறம்?"

"அப்புறம் மிச்சத்தையும் கழட்டிட்டாங்க."